கொடி ஏறிய பக்கம்

பூவுக்கு வலது இடது கிடையாது. இது என் தங்கை வீட்டுச் சட்டம்.

சட்டம் போட்டவர் தங்கையின் கணவர். செப்புத் தகட்டில் படம் செதுக்குவது அவர் தொழில். தகட்டில் வலப்பக்கம் வெட்டியது காகிதத்தில் இடப்பக்கம் விழும். அதனால் படத்தைக் கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடியில் தெரிவதைப் பார்த்து வெட்ட வேண்டும். அப்போதுதான் அச்சில் நேராக வரும். தளபதிகளின் படம் என்றால் கண்ணாடி கட்டாயம். வாள் மாறின இடுப்பில் தொங்கினால் தளபதி சும்மா விடமாட்டார். ஊர் வரைபடத்துக்கும் கட்டாயம். இல்லாவிட்டால் கிழக்கே இருக்கிற கடல் மேற்கே வந்துவிடும். ஆனால் கண்ணாடி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். நாளெல்லாம் அதைப் பார்த்து வெட்டினால் பொழுது சாயும்போது கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். ஒரு செடியின் கிளை இந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன, அந்தப் பக்கம் சாய்ந்தால் என்ன? செடி வந்து வழக்கா போடப் போகிறது? செடிப் படத்துக்குக் கண்ணாடி வேண்டாம் என்று மாப்பிள்ளை வைத்துவிட்டார். அவர் மட்டுமில்லை, இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான்.

அவர் கண்ணில் இப்போது வெள்ளை படர்ந்துவிட்டது. ஜன்னலில் எண்ணெய்த் தாள் ஒட்டி, அதன் கீழே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து, வெளிச்சத்தைத் தகட்டின் மேல் குவித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. உளி மகளின் கைக்குப் போனது. தோல் பைக்குள் மணலை அடைத்து, அதன்மேல் தகட்டை வைத்து, உளியை அசைக்காமல் தகட்டைத் திருப்பித் திருப்பி வெட்டுவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டே, "ஆழமாப் போவுது, கையைத் தூக்கு" என்பார். படத்தின் அடியில் செதுக்கியவர் என்று அவர் பெயர்தான் போகும். இது தெருவுக்குத் தெரியாது. நான் சொன்னதும் இல்லை.

என் தங்கை வண்ணம் போடுகிறவள். அச்சாகி வரும் கறுப்புக் கோட்டுப் படங்களுக்கு, மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டுவாள். முதலில் எல்லாத் தாளுக்கும் பச்சை. காய்ந்த பிறகு எல்லாத் தாளுக்கும் மஞ்சள். அவள் கண் நிறத்தைப் பார்க்கும், பக்கத்தைப் பார்க்காது. நான் அதே தெருவின் முனையில் பைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆக, ஒரு புத்தகம் என்றால் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் எங்கள் குடும்பத்தின் கை.

அந்த ஆண்டு நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு டாக்டரின் புத்தகம். கடல் கடந்து எங்கோ ஒரு குடியேற்ற நாடு. அங்கே முளைக்கிற செடி கொடிகளையெல்லாம் படத்தோடு விவரிக்கும் புத்தகம். பகுதி பகுதியாக வெளிவந்துகொண்டிருந்தது. டாக்டர் அந்த நாட்டைப் பார்த்ததில்லை. அவருக்குப் படகில் ஏறினாலே வாந்தி. அவருக்காக அங்கே போய்ச் செடிகளைப் பார்த்து வரைந்தவன் எங்கள் சின்னவன். எனக்கும் தங்கைக்கும் பிறகு பிறந்த தம்பி.

பீங்கான் பட்டறையில் தட்டுக்குப் பூப் போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு நாள், "ஒரே ரோஜாவை எத்தனை தட்டுலதான் போடறது" என்று தூரிகையை வைத்துவிட்டு எழுந்தவன், நேரே போய்க் கப்பலில் பெயர் கொடுத்துவிட்டான். மூத்தவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரு அவனுக்கு ஓடிப்போனவன் என்று பெயர் வைத்தது. ஓடிப்போகிற குடும்பம் இல்லை எங்களுடையது. ஆனால் தெருவின் வாயை எந்த ஊசி தைக்கும்?

பிறகு மெழுகுத் துணியில் சுற்றிய படங்கள் ஒரு பெட்டியில் வந்தன. பெட்டியைக் கொண்டுவந்த மாலுமி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் சொல்வதற்கு முன்பே என் தங்கை உட்கார்ந்துவிட்டாள். அங்கே காய்ச்சல் பொல்லாதது என்றான். அந்தப் படங்களைத்தான் டாக்டர் எங்களிடமே செதுக்கக் கொடுத்தார். வண்ணம் போட்டு முடிகிறவரை மூலப் படங்கள் தங்கையின் மேசையில் இருக்கும். முடிந்ததும் டாக்டரின் அலமாரிக்குப் போய்விட வேண்டும்.

மழை ஓயாத ஒரு வாரத்தில் அச்சகத்திலிருந்து மூன்றாம் பகுதியின் தாள்கள் பட்டறைக்கு வந்தன. மடிக்கும்போது படிப்பது என் வழக்கமில்லை. படித்தால் மடிப்புக் கோணும். அன்று ஒரு தாளின் நடுவில் எங்கள் வீட்டுப் பெயர் கண்ணில் பட்டது. அதன் வாலில், செடிகளுக்குப் பெயர் வைக்கிற சாஸ்திர மொழியின் ஒரு விகுதி ஒட்டியிருந்தது. நின்றபடியே படித்தேன். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்கு நடந்தேன். வழியில் தச்சன் கடை. நீளமூக்கு என்று சொன்னால்தான் அவனை ஊருக்குத் தெரியும். மழையில் வேலை இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பைண்டரே, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போறீங்க? வலியா?"

"என் தம்பி பேரை ஒரு கொடிக்கு வெச்சிருக்காங்க. புத்தகத்துல வந்திருக்கு."

"ஓடிப்போனாரே, அவர் பேரையா?"

"உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும். பகுதி வெளிவந்ததும் வா, காட்டறேன்."

"கொடிதானே, அதுவும் ஓடிப்போறதுதான். பொருத்தம்தான்" என்றான். அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை.

தங்கை வீட்டில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி, அதில் வண்ணம் காயாத தாள்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரக் காற்றில் பச்சை காய மறுத்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளை கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கண் தேவைப்படாத வேலையெல்லாம் இப்போது அவருடையது.

"யாரு, மச்சானா? காலடியிலேயே கொண்டாட்டம் தெரியுதே" என்றார்.

"எல்லாரும் கையில இருக்கிறதை வைங்க" என்றேன்.

"இந்தத் தாள்ல பாதி காஞ்சிடும் அண்ணா, கோடு விழும். நீங்க படிங்க, நான் கேக்கறேன்" என்றாள் தங்கை, தாளிலிருந்து தூரிகையை எடுக்காமல்.

படித்தேன். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இந்த இனத்துக் கொடிகள் எல்லாம் கம்பை ஒரே பக்கமாகச் சுற்றி ஏறுபவை. இது மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. ஆகவே இதுவரை யாரும் அறியாத புதிய கொடி. உலர்த்தி அனுப்பிய மாதிரியில் தெரியாத இந்த வேறுபாட்டைக் கண்டு பிசகாமல் வரைந்த ஓவியனின் கூர்மையான கண்ணுக்கு மரியாதையாக, அவன் பெயரையே இதற்குச் சூட்டுகிறேன்.

தங்கை தூரிகையை எடுத்துவிட்டாள். கோடு விழுந்திருக்கும்.

"சின்னவன் பேருக்கு வால் முளைச்சிருக்கே" என்று மாப்பிள்ளை சிரித்தார். உரித்த கிழங்கைக் கையில் வைத்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டியா? உன் தம்பி பேரு. ஓடிப்போனவன்னு சொன்ன வாய்க்கெல்லாம் பூட்டு."

"பெரிய மாமா," என்றாள் தங்கை மகள். ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தாள். "பக்கம் பத்தி ஒரு வரி வந்துதே, அதை இன்னொரு தரம் படிங்க."

"எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது."

"எதைப் பார்த்து எழுதினாரு?"

"எதைப் பார்த்து எழுதுவாரு? படத்தைப் பார்த்து."

"சின்ன மாமா படம் இங்கல்ல இருக்கு. அம்மா மேசையில. அவர் பார்த்தது நாம அனுப்பின அச்சுப் படம்."

அவள் எழுந்து வந்து, சின்னவன் வரைந்த படத்தையும் அச்சுத் தாள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு கைத்தடி தரையில் ஊன்றியிருக்கிறது. அதைச் சுற்றி ஊதாப் பூவோடு கொடி. சின்னவன் படத்தில் தண்டு தடியின் முன்னால் இடமிருந்து வலமாக மேலே ஏறியது. எங்கள் அச்சில் வலமிருந்து இடமாக. தடியில் ஒரு கணு; அதுவும் படத்தில் ஒரு பக்கம், அச்சில் மறுபக்கம்.

"கண்ணாடி வெக்கலே," என்றாள். "செடிதானேன்னு."

மாப்பிள்ளை கிழங்கைப் பாத்திரத்தில் போட்டார். "கொடிப்பா அது," என்றார் மெதுவாக. யாரை 'அப்பா' என்றார் என்று தெரியவில்லை. "பூவுக்கு இல்ல. கொடிக்கு உண்டு. பின்னாடி இருக்கற அவரைக்கொடியைப் பிரிச்சு மாத்திச் சுத்திப் பாரு, அவிழ்ந்து பழைய பக்கமே சுத்தும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தோணலையே."

"அப்போ இது புதுக் கொடி இல்லையா?" என்றாள் தங்கை.

"டாக்டர் கணக்குப்படி இல்ல. மத்ததெல்லாம் சுத்தற பக்கம்தான் இதுவும் சுத்துது. ஏற்கெனவே பேர் இருக்கற கொடி."

கயிற்றில் தொங்கிய தாள்களிலிருந்து ஒரு சொட்டுப் பச்சை என் தோளில் விழுந்தது. துடைக்கவில்லை.

அன்று மத்தியானம் ரொட்டியும் அவித்த கிழங்கும் வெங்காயமும் தட்டில் இருந்தன. யார் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லை. மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார்.

"டாக்டர்கிட்ட சொல்லியாகணும். தகடு என் பேர்ல இருக்கு. நான் போறேன்."

"உட்காருங்க மாப்பிள்ளை" என்றேன். "எதுக்குச் சொல்லணும்? அந்த நாட்டுக்கு யார் போகப் போறாங்க? டாக்டர் போகமாட்டார். புத்தகம் வாங்கறவங்க அலமாரியில வெச்சுத் தூசி தட்டறவங்க. அவங்களுக்குக் கொடி வலதுல சுத்தினா என்ன, தலைகீழாத் தொங்கினா என்ன? நம்ம வீட்டுலேர்ந்து ஒருத்தன் போனான். செத்தான். குழி எங்கேன்னுகூடத் தெரியாது. அவனுக்குன்னு இருக்கறது இந்த ஒரு வரி. அதை நாமளே போய் அழிச்சுட்டு வரணுமா?"

"தப்பான வரி மாமா" என்றாள் மகள்.

"தப்பு நம்முடையது. பேர் அவனுடையது."

"நாளைக்கு எவனாவது போய்ப் பார்த்தா?"

"பார்க்கட்டும். அதுக்குள்ள நாம யாரும் இருக்கமாட்டோம்."

"நாம இருக்கமாட்டோம். சின்ன மாமா பேர் இருக்குமே. வரைஞ்சவனுக்குக் கண்ணு கோணல்னு எழுதுவான். புத்தகத்துல எழுதினதை இன்னொரு புத்தகத்துலதானே திட்டுவாங்க?"

அவளுக்கு அவள் அப்பாவின் நாக்கு. பதில் வராதபோது மூத்தவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன், குரலை உயர்த்தினேன். எங்கள் அப்பா பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். நீளமூக்கிடம் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னேன்.

"அதுக்குள்ள அவன்கிட்டயா?" என்றார் மாப்பிள்ளை. "அப்போ துறைமுகம் வரைக்கும் போயிருக்குமே."

தங்கைக்கு எப்போதும் முதுகு வலி; நாளெல்லாம் குனிந்த முதுகு. நாற்காலியைச் சுவரோடு தள்ளி அதில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "படத்தை என்ன பண்றது அண்ணா?"

"எந்தப் படத்தை?"

"அவன் வரைஞ்சதை. வண்ணம் முடிஞ்சதும் டாக்டர் திருப்பிக் கேப்பாரு. அச்சையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா அவருக்கே தெரிஞ்சிடும். உங்க வரி நிக்கணும்னா படம் போகணும்."

அதை நான் யோசித்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே யோசித்திருந்தேன். "பெட்டியில வரும்போதே ஓரம் நனைஞ்சிருந்ததுதானே. இது மொத்தமா நனைஞ்சு கலைஞ்சு போச்சுன்னு சொல்லலாம். கடல்ல வந்த பெட்டி. யார் கேக்கப் போறாங்க?"

தங்கை எழுந்தாள். தூரிகை கழுவும் ஜாடியை எடுத்து வந்து, படத்தின் பக்கத்தில் வைத்தாள். தண்ணீர் ஊதாவும் பச்சையுமாகக் கலங்கியிருந்தது.

"ஊத்துங்க."

"இப்பவே எதுக்கு?"

"எப்பவாவது ஊத்தணுமில்ல? நீங்க மூத்தவர். நாங்க யாரும் செய்யக் கூடாது. ஊத்துங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விறகு ஈரமாக இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஜாடியை எடுத்தேன். படத்தை அதுவரை நான் சரியாகப் பார்த்ததில்லை. பைண்டருக்குப் படம் என்பது அளவும் ஓரமும்தான். கொடியின் கீழ் இலைகளில் பூச்சி தின்ற ஓட்டைகளை அப்படியே வரைந்திருந்தான். தடியின் நிழலில் கொஞ்சம் அழித்து மறுபடி போட்டிருந்தான். ஒரு ஓரத்தில் வண்ணம் பட்ட கட்டைவிரல் ரேகை. வேர்வையோடு அழுத்தியிருக்க வேண்டும். தாள் அங்கே லேசாகச் சுருங்கியிருந்தது. அவனுக்கு உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். சின்ன வயதில் அவன் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தால், விட்ட பிறகு என் கையைத் துடைத்துக்கொள்வேன்.

கை போகவில்லை. ஜாடியை மேசையில் வைத்தேன்.

"மாப்பிள்ளை போக வேண்டாம்," என்றேன். "பேர் எங்க வீட்டுப் பேர். வாங்கினாலும் திருப்பிக் கொடுத்தாலும் நான்தான் போகணும்."

"நான் வெட்டினது மாமா. நான் வரேன்."

"நீ வெட்டினதுன்னு தெருவுக்கும் தெரிய வேண்டாம், டாக்டருக்கும் தெரிய வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மானம் போனா போதும்."

மறுநாள் மழை விட்டிருந்தது, தெருவில் சேறு. இருந்ததில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர் ஜலதோஷத்தில் இருந்தார். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு காலையும் வைத்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறை முழுக்கத் தாள்களுக்கு நடுவே அழுத்திய காய்ந்த செடிகள். கற்பூர வாசனை. அங்கே எல்லாச் செடிக்கும் ஒரே நிறம், பழைய வைக்கோல் நிறம்.

"வாங்க. நன்றி சொல்ல வந்திருக்கீங்க," என்றார். "வேண்டாம். தகுதி இருந்தது, கொடுத்தேன். உட்காருங்க."

உட்காரவில்லை. படத்தையும் அச்சையும் அவர் மடியில் வைத்தேன். பார்த்தார். மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது ரெண்டும் வேறயா இருக்கே."

"ஆமாம்."

"அப்போ உங்க தம்பி தப்பா வரைஞ்சிருக்கான்."

தங்கை மகள் நாளைக்கு எவனோ சொல்வான் என்றாள். அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

"வரைஞ்சது சரி. தகடு திரும்பிப்போச்சு," என்றேன். "செடிப் படத்துக்கு எங்க வீட்டுல கண்ணாடி வெக்கறதில்ல. இதுவரைக்கும் வந்த எல்லாப் படமும் திரும்பினதுதான். மத்ததுக்கெல்லாம் பாதகமில்ல. இதுக்கு மட்டும் பாதகம்."

"எல்லாமா?" என்றார். அலமாரியைப் பார்த்தார். பிறகு வெந்நீரைப் பார்த்தார். "யார் செதுக்கினது?"

"எங்க வீடு."

"வீடு எப்படிய்யா உளி பிடிக்கும்?"

"எங்க வீடு பிடிக்கும்."

டாக்டர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். வேலைக்காரி கதவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தாள். "இங்க பாருங்க. அறிஞர் சபையில இதைப் பத்தி வாசிச்சுட்டேன். கைதட்டினாங்க. அந்த நாட்டுக்கு யார் போகப் போறாங்க? நான் போகமாட்டேன். வாங்கறவங்க அலமாரியில வெப்பாங்க. உங்க தம்பிக்கு ஒரு பேர், எனக்கு ஒரு கொடி. இந்தப் படம் உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்கமாட்டேன். என்ன சொல்றீங்க?"

முந்தின நாள் கிழங்கும் வெங்காயமும் தின்றபடி நான் சொன்னதை, வார்த்தை பிசகாமல், வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு ஒருவர் சொன்னார். என் வாயில் நியாயமாக இருந்தது அவர் வாயில் அப்படி இல்லை.

"நீங்க முதல்ல சொன்னதைத்தான் பிறகு அந்த நாட்டுக்குப் போறவனும் சொல்வான்" என்றேன்.

"என்ன சொன்னேன்?"

"வரைஞ்சவன் தப்பு பண்ணினான்னு. படத்தை முழுசாப் பார்க்கறதுக்கு முன்னாடியே சொன்னீங்க. எழுதினவருக்கு வாய் இருக்கு. வெட்டினவங்களுக்கு வீடு இருக்கு. செத்தவனுக்கு இந்தப் படம் ஒண்ணுதான். அவன் பேரை எடுத்துடுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அழிச்சா அழிச்சதுதான். அவனுக்காக இன்னொரு கொடிக்கு நான் எங்க போவேன்?"

"யோசிச்சுட்டேன்."

அந்த வரி இருந்த தாளையும் பேனாவையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கால் வெந்நீரில் இருந்தது. ஒரே கோட்டில் அடித்தார். மை தாளின் பின்பக்கம் வரை ஊறியது. "தாள்களெல்லாம் அச்சாகி உங்ககிட்ட இருக்கு. அந்த ஒரு தாளை மட்டும் எல்லாப் பிரதியிலேர்ந்தும் எடுக்கணும். மாத்துத் தாள் அச்சடிச்சு அனுப்பறேன். தகடும் புதுசா வேணும். உங்க வீட்டுச் செலவு."

"எங்க வீட்டுத் தப்பு" என்றேன்.

வெளியே வந்து, சேற்றில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தேன். எனக்கும் வயதாகிறது. தங்கை வீட்டு வாசலில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"எடுத்துட்டாரா?"

"எடுத்துட்டாரு."

"திட்டினாரா?"

"ஜலதோஷம் அவருக்கு. தெம்பில்ல."

அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வண்ணம் போட்டுக் காய்ந்த கொடிப் படங்களையெல்லாம் கயிற்றிலிருந்து இறக்கி அடுக்கினாள். அத்தனை நாள் குனிந்தது வீண். "பின்பக்கம் வெள்ளையா இருக்கு. வண்ணம் பார்த்துக்க ஆகும்" என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

மாப்பிள்ளை பழைய செப்புத் தகட்டின் பின்புறத்தைக் கரித்தூள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். கண் வேண்டாத வேலை. மகள் அலமாரிக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை எடுத்து, ஊதித் துடைத்து, ஜன்னலடியில் நிறுத்தினாள். மழைக்கால வெளிச்சம். அதில் பாதியைக் கண்ணாடி தின்றது. மீதியில் வெட்டினாள். ஒரு நாளைக்கு இரண்டு இலை ஆகும், மூன்று இலை ஆகும். பூச்சி ஓட்டைகளையும் விடவில்லை. இந்த முறை மாப்பிள்ளை சத்தம் கேட்டுத் திருத்தவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நான் பட்டறையில் தாள் எடுத்தேன். மடித்த கட்டிலிருந்து ஒரு தாளை மட்டும் எடுப்பது என்றால், மடிப்புக்கு ஒரு விரற்கடை முன்னால் கத்தியை வைத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். நிற்கிற அந்த விளிம்பில்தான் மாற்றுத் தாளை ஒட்டுவது. கை நடுங்கினால் அடுத்த தாளும் போய்விடும். ஒவ்வொரு பிரதியிலும் அதே பக்கம், அதே வரி, நடுவில் எங்கள் வீட்டுப் பெயர். கை நடுங்கவில்லை. அதற்குத்தானே இத்தனை வருடம் தொழில் செய்தது. எடுத்த தாள்களைத் தலைகீழாக அடுக்கினேன், எழுத்து தெரியாதபடி. ஒட்டுப் பசை கிளறும்போது அடுப்பில் போட்டேன். நல்ல காகிதம், மெதுவாகத்தான் எரிந்தது.

தகடு முடிகிற தறுவாயில் மகள் பட்டறைக்கு வந்தாள். கையில் உளி பிடித்த தழும்பு சிவந்திருந்தது.

"படம் முடிஞ்சது மாமா. அடியில எழுத்து வெட்டணும். இந்தப் பக்கம் வரைஞ்சவர், அந்தப் பக்கம் செதுக்கினவர். சின்ன மாமா பேரைக் கொஞ்சம் பெரிசா வெட்டட்டுமா? டாக்டர் கண்ணுல படாது. பட்டாலும் ஒண்ணும் சொல்லமாட்டார்."

"மத்த படத்துலயெல்லாம் என்ன அளவு?"

"எப்பவும் போடற அளவுதான். ரொம்பச் சின்னது."

"அதே அளவு போடு."

"மாமா."

"எல்லாருக்கும் எவ்வளவோ அவ்வளவு. நாம பெரிசாக்கினா, என்னத்துக்குப் பெரிசாக்கினாங்கன்னு கேப்பாங்க."

அவள் போய் வெட்டினாள். மாற்றுத் தாள்கள் வந்தன. அதில் கொடியின் பழைய பெயரும், அது எல்லாக் கொடியும் போலத்தான் சுற்றுகிறது என்பதும் இரண்டே வரியில் இருந்தது. தங்கை மறுபடி முதலிலிருந்து பச்சை, மஞ்சள், ஊதா என்று போட்டாள். பகுதி தாமதமாக வெளிவந்தது.

வெளிவந்த அன்று நீளமூக்கு வந்துவிட்டான். வராமல் இருப்பானா? கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கூடவே ரொட்டிக் கடைக்காரனையும் கூட்டி வந்திருந்தான்.

"காட்டறேன்னு சொன்னீங்களே பைண்டரே. கொடி."

சாக்கு சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஒரு பிரதியைப் பிரித்து, படம் இருந்த பக்கத்தைத் திருப்பி அவர்கள் முன்னால் வைத்தேன்.

"கொடிக்கு வேற பேர் இருக்கு. என் தம்பி பேர் இல்ல. நாங்க சொன்னதுல தப்பு இருந்தது, நாங்களே போய் எடுக்கச் சொல்லிட்டோம்."

"எடுக்கச் சொன்னீங்களா? கொடுத்ததை யாராவது எடுக்கச் சொல்வாங்களா?" என்று ரொட்டிக் கடைக்காரனைப் பார்த்தான். அவன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லா இருக்கு என்றான்.

"அவன் வரைஞ்சது," என்றேன். "அடியில போட்டிருக்கு பாரு."

நீளமூக்கு குனிந்தான். மூக்கு தாளில் பட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. தேடினான். நான் விரலை வைத்துக் காட்டினேன். விரல் எழுத்தை மறைத்துவிட்டது. எடுத்தேன்.

"இதுவா?"

"இதுதான்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்," என்றேன். "கை ஈரமா இருக்கு உனக்கு. தாளைத் தொடாதே."